நீலகிரி ஓடைகளில் டிரவுட் குறைந்தது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவலாஞ்சி, எமரால்டு, பார்சன்ஸ்வேலி, அப்பர் பவானி பக்கம் சின்ன வயதில் தூண்டில் போட்டவர்கள் பல வருடம் கழித்து அதே ஓடைக்குப் போகிறார்கள். கசம் (ஓடையின் ஆழமான குழி) இருக்கிறது, பாறை இருக்கிறது, டிரவுட் என்ற குளிர்நீர் மீன் இல்லை. திரும்பி வந்து அவர்கள் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

டிரவுட் நம்ம ஊர் மீன்தானா?

இல்லை. வானவில் டிரவுட்டின் தாயகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளும் ரஷ்யாவின் கம்சட்காவும். பழுப்பு டிரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து பழுப்பு டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், அது பலிக்கவில்லை. 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் வெளியிலிருந்து வந்த வானவில் டிரவுட் முட்டைகள்தான் இங்கே வேர்பிடித்தன. ஆகவே “அந்தக் காலத்து ஓடை மீன்” என்று நாம் சொல்வது நூற்றுச் சொச்சம் வருடம் முன்பு குடிவந்த விருந்தாளியைத்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது பிடித்தது டிரவுட்தான் என்று எப்படி உறுதி செய்வது?

முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே எலும்பில்லாத, சதை மொட்டு போன்ற ஒரு குட்டித் துடுப்பு இருந்ததா? இருந்து, மீசை இல்லையென்றால் டிரவுட். மலை ஓடையின் கெண்டை வகைகளுக்கு அந்தத் துடுப்பு கிடையாது. கல்லை ஒட்டிக்கொண்டு கிடக்கும் கெளுத்தி வகைகளுக்கு அது உண்டு, ஆனால் மீசையும் இருக்கும். செதில் மிகப் பொடியானது. கையில் பிடித்தால் செதிலே இல்லாத மீன் மாதிரி வழுக்கும். வானவில் டிரவுட்டுக்குப் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டையும் வால் முழுக்கக் கரும்புள்ளிகளும் இருக்கும். குஞ்சாக இருந்தால் உடம்பில் கட்டைவிரல் ரேகை வைத்தது போல வரிசையாகக் கருந்திட்டுகள் தெரியும்.

வெளிநாட்டு மீன் என்றால் அன்று அவ்வளவு இருந்தது எப்படி?

இரண்டு வழியில். ஒன்று, பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுபோய் ஓடைகளிலும் அணைகளிலும் விட்டார்கள். இரண்டு, மேல் ஓடைகள் சிலவற்றில் மீன் தானாகவே முட்டையிட்டுப் பெருகியது. இந்த இரண்டில் எது உங்கள் ஓடையை நிரப்பியது என்பதுதான் முதல் கேள்வி. குஞ்சு விட்டதால் மட்டுமே மீன் இருந்த ஓடை என்றால், விடுவது நின்ற மூன்று நான்கு வருடத்தில் அது காலியாகிவிடும். அதற்கு ஓடை கெட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. விரலளவு குஞ்சு முதல் பெரிய மீன் வரை எல்லா அளவிலும் பார்த்த நினைவு இருந்தால் அங்கே இனப்பெருக்கம் நடந்திருக்கிறது. எல்லாமே ஒரே அளவில்தான் கிடைத்தது என்றால் அது வண்டியில் வந்த மீன்.

டிரவுட் எவ்வளவு சூடு தாங்கும்?

12 முதல் 16 டிகிரி செல்சியஸில் நன்றாகத் தின்று வளரும். 18ஐத் தாண்டினால் திணறும். 20, 21இல் இரை எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். 25ஐ ஒட்டி சில மணி நேரம் நின்றால் சாகும்.

மலையில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவில் குறையும். 12 டிகிரி தண்ணீர் அந்த உயரத்தில் லிட்டருக்குச் சுமார் 8.5 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 7 மில்லிகிராம்தான். 7க்குக் கீழே போனாலே டிரவுட்டுக்குச் சிரமம். சூடு ஏறும்போது மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்போ குறைகிறது. இரண்டு பக்கமும் நெருக்கினால் மீன் மேலே உள்ள குளிர்ந்த தண்ணீரைத் தேடி ஏறும்.

எவ்வளவு தூரம் ஏற முடியும்? ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் காற்று சுமார் 6.5 டிகிரி குளிரும் என்பது பொதுக் கணக்கு. ஒரு டிகிரி சூடு கூடினால் மீன் வாழும் எல்லை 150 மீட்டர் மேலே நகர வேண்டும். இமயமலையில் அதற்கு இடம் உண்டு. நீலகிரியின் உச்சியே 2,637 மீட்டர். மேட்டுநிலத்தின் பெரும்பகுதி 1,800க்கும் 2,400க்கும் நடுவில். கொஞ்சம் ஏறினாலே ஓடை ஊற்றுக்கண்ணாகிவிடும்.

மழை முன்பு போலத்தான் பெய்கிறது. வேனிலில் தண்ணீர் மட்டும் ஏன் இப்படி இளைக்கிறது?

சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பெரிய காரணம். மலைமடிப்புகளில் உள்ள குட்டை மரக் காடான சோலைக்கு வெளியே இருந்த இயற்கைப் புல்வெளி மழையைப் பஞ்சு போல உறிஞ்சி, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புல்வெளியில் கற்பூரம், சீகை, பைன் நட்டார்கள். கற்பூரம் ஆழமாக வேர்விட்டு, கோடையிலும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு அளந்தார்கள். கற்பூரம் நட்ட பக்கம் முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் தளிர்த்து வளர்ந்த இரண்டாவது சுற்றில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. இது ஆண்டு முழுமைக்குமான கணக்கு. வறண்ட மாதங்களின் மெல்லிய ஓட்டத்தில் இழப்பு இதைவிடப் பெரிது. மீனைக் கொல்வதும் அந்த மாதங்கள்தான். தண்ணீர் மெலிந்தால் சீக்கிரம் சூடாகும், கசங்கள் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்துபோகும், சிக்கிய மீன் நாரைக்கும் நீர்நாய்க்கும் ஆளுக்கும் சுலபமாக அகப்படும்.

மழை “முன்பு போல” என்பதிலும் ஒரு சொல். ஆண்டு மொத்தம் மாறாமலே பெய்யும் விதம் மாறலாம். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்குவதில்லை. சரிவைப் பெயர்த்து ஓடையில் போட்டுவிட்டுப் போகிறது.

மண் சேர்ந்தால் என்ன? மீன் தண்ணீரில்தானே இருக்கிறது?

மீன் தண்ணீரில், முட்டை சரளைக்குள். கேட்பவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது.

குளிர்காலத்தில் தாய் மீன், கசம் முடிந்து தண்ணீர் ஆழம் குறைந்து வேகமெடுக்கும் இடத்தில் வாலால் அடித்துச் சரளையில் பள்ளம் பறிக்கும். புளியங்கொட்டை அளவு முதல் எலுமிச்சை அளவு வரையுள்ள கற்கள் அதற்குப் பிடிக்கும். முட்டையிட்டு, ஆண் மீன் விந்து விட்டதும், மேலே உள்ள சரளையைத் தள்ளி மூடிவிடும். 10 டிகிரித் தண்ணீரில் முட்டை பொரிக்க ஏறக்குறைய 31 நாள். 12 டிகிரியில் 26 நாள். பொரித்த குஞ்சும் வயிற்றுப் பை கரையும் வரை இரண்டு மூன்று வாரம் கல்லிடுக்கிலேயே கிடக்கும். இத்தனை நாளும் கற்களுக்கு நடுவே தண்ணீர் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

காரட், உருளை, பூண்டு போட்ட சரிவிலிருந்து ஒரே ஒரு மழைக்குச் செம்மண் இறங்கினால் போதும், அந்த இடுக்குகள் அடைபடும். முட்டை மூச்சுத் திணறிச் சாகும். பொரித்திருந்தால் குஞ்சு மேலே வர முடியாமல் உள்ளேயே மடியும். சரளையில் ஐந்தில் ஒரு பங்கு பொடி மண்ணும் மணலும் ஆகிவிட்டால் பிழைப்பது மிகச் சொற்பம். பெரிய மீனுக்கோ அதே மழையால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் மண் சேர்ந்த ஓடையில் சில வருடம் பெரிய மீன் மட்டும் தென்பட்டு, பிறகு திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போகிறது. கண்ணில் படுவது “திடீர்”. உள்ளே குஞ்சு வராமல் நான்கு வருடம் ஆகியிருக்கும்.

அணைகள் மீனுக்கு நல்லதா கெட்டதா?

இரண்டும். பைக்காரா, குந்தா மின்திட்டங்களால் உருவான நீர்த்தேக்கங்களின் ஆழமான குளிர்ந்த நீர் டிரவுட்டுக்குப் புது வீடு கொடுத்தது. ஆனால் டிரவுட் ஏரியில் முட்டையிடுவது அபூர்வம். ஓடைக்கு ஏற வேண்டும். நீர்மட்டம் இறங்கிக் கிடந்தால் ஓடை வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே சேற்றுத் திட்டுதான் இருக்கும், மீன் ஏறாது. அணைக்குக் கீழே இன்னும் மோசம்: தண்ணீர் சுரங்கக் குழாய் வழியே மின்நிலையத்துக்குப் போய்விடுவதால் பழைய ஆற்றுப்படுகை வெறும் கல்.

சாலைக்கு அடியில் போடும் குழாய்ப் பாலம் சின்ன விஷயம் போலத் தெரியும். குழாயின் வாய் கீழ்த்தண்ணீருக்கு மேல் ஒரு அடி தொங்கினால், கீழே குதிக்க ஆழமான குழியும் இல்லையென்றால், சாதாரண அளவு மீன் மேலே போக முடியாது. ஒரு குழாய் ஒரு கிளை ஓடையையே துண்டித்துவிடும்.

1939இல் உதகைக்குக் கொண்டுவந்த கண்ணாடிக் கெண்டையையும் இங்கே சொல்ல வேண்டும். அடிச்சேற்றைக் கிளறியே தின்னும் மீன் அது. தேக்கத்தில் பெருகினால் தண்ணீர் கலங்கும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் டிரவுட்டுக்கு அது ஆகாது.

ஓடையில் மீனே இல்லை என்று எப்படி முடிவு செய்வது?

பாதிப் பேர் மீனை விரட்டிவிட்டுத்தான் “இல்லை” என்கிறார்கள். டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து, தலையை மேல்பக்கம் வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாகப் போங்கள். குனிந்து போங்கள், நிழல் தண்ணீரில் விழக்கூடாது, கரையைத் தொப்பென்று மிதிக்கக்கூடாது. தண்ணீரின் கண்கூசும் பளபளப்பை அடக்கும் போலராய்டு கண்ணாடி போட்டு, காலை வெயில் வந்ததும் கசத்தின் கடைசிப் பகுதியில் பத்து நிமிடம் அசையாமல் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் சரளையில் மற்ற இடத்தைவிட வெளிறி, கழுவி வைத்தது போல நீள்வட்டமாக ஒரு திட்டு தெரிந்தால் அது முட்டைப் பள்ளம். அதை மிதித்துவிடாதீர்கள்.

ஓடைக்கு என்ன கேடு என்று நாங்களே சோதிக்க முடியுமா?

முடியும். முந்நூறு ரூபாய் வெப்பமானி, மீட்டர் டேப், கொசுவலைத் துணி, வெள்ளைத் தட்டு, ஒரு ஆரஞ்சுப் பழம் போதும்.

முதலில் சூடு. மார்ச் முதல் மே வரை, மதியம் 2 முதல் 4 மணிக்குள், ஓடும் தண்ணீரில் அரை முழம் ஆழத்தில், உங்கள் நிழலில் வைத்து இரண்டு நிமிடம் கழித்துப் படியுங்கள். மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்: சோலையை விட்டு ஓடை வெளிவரும் இடம், வெட்டவெளி, தோட்டத்துக்குக் கீழே. ஒரு நாள் அளவு எதற்கும் உதவாது. பதினைந்து நாள் எழுதுங்கள். மேலே 16, கீழே 21 என்றால் நடுவில் நிழல் போன இடம்தான் உங்கள் பிரச்சினை. மேலேயே 20 என்றால் அந்த ஓடையில் டிரவுட்டை மறந்துவிடுவது நல்லது.

அடுத்து ஓட்டம். நேராக ஓடும் 10 மீட்டரை அளந்து, ஆரஞ்சை மிதக்கவிட்டு நேரம் எடுங்கள். அகலம் 1.5 மீட்டர், சராசரி ஆழம் 0.2 மீட்டர், பழம் கடக்க 25 விநாடி என்று வையுங்கள். வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். 1.5 × 0.2 × 0.4 = 0.12 கனமீட்டர். மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.8ஆல் பெருக்க வேண்டும்: 0.096, அதாவது விநாடிக்கு 96 லிட்டர். வருடா வருடம் அதே வாரத்தில், அதே இடத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

மண்ணுக்குக் காலே கருவி. சரளையைக் காலால் கிளறுங்கள். கலங்கல் சில நொடியில் விலகினால் பரவாயில்லை. புகை போல எழுந்து நெடுந்தூரம் போனால் இடுக்குகள் அடைந்திருக்கின்றன. பத்துக் கல்லை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கற்கள் சேற்றில் புதைந்து, பிடுங்கினால்தான் வருகின்றன என்றாலும் அதே அர்த்தம்.

பிறகு பூச்சி. இரண்டு குச்சியில் கொசுவலையைக் கட்டி ஓட்டத்துக்குக் குறுக்கே பிடியுங்கள். அதற்கு மேல்பக்கம் ஒரு நிமிடம் காலால் கல்லைப் புரட்டி, வலையில் வந்ததைத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். இரண்டு வால் உள்ள, தட்டையான கல்பூச்சிப் புழு இருந்தால் தண்ணீர் குளிர்ச்சியும் சுத்தமும். மூன்று வால் உள்ள, வயிற்றோரம் செவுள் படபடக்கும் ஈசல் போன்ற பூச்சியின் இளசுகளும், மணலைக் கோத்துக் கூடு கட்டிய புழுக்களும் இருந்தால் நல்லது. வெறும் சிவப்புப் புழுவும் அட்டையும் என்றால் சாக்கடைக் கழிவு கலக்கிறது. நத்தை எல்லாம் இருந்தும் மூவால் பூச்சி மட்டும் சுத்தமாக இல்லை என்றால் மேலே யாரோ மருந்து தெளிக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பூச்சிமருந்துக்கு முதலில் விழுவது அவைதான்.

பிளீச்சிங் பவுடர் போட்டு மீன் பிடிக்கிறார்களே, அதன் பாதிப்பு எத்தனை நாள்?

குளோரின் சில நாளில் போய்விடும். ஆனால் அது போன வழியெங்கும் மீன் மட்டுமில்லை, குஞ்சு, தவளைக்குஞ்சு, நண்டு, மேலே சொன்ன பூச்சி எல்லாம் போயிருக்கும். பூச்சிகள் மேலிருந்து அடித்து வந்து சில மாதத்தில் நிரம்பும். இனப்பெருக்க மீன் மேலே மிச்சமில்லை என்றால் டிரவுட் திரும்பாது. காப்புக்காட்டில் தண்ணீரில் நஞ்சு கலப்பதும், விதிக்கு மாறாக மீன் பிடிப்பதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

குஞ்சு வாங்கி நாங்களே ஓடையில் விட்டால் என்ன?

வேண்டாம். சட்டச் சிக்கலை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வேண்டாம். சூடும் மண்ணும் சரியில்லாத ஓடையில் விட்ட குஞ்சு அடுத்த கோடையில் சாகும். சரியாக இருந்தால் அதைவிடப் பெரிய கேள்வி எழும்: வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட் இரண்டுமே உலகின் மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் உள்ளவை. நீலகிரி மேல் ஓடைகளில் பெரிய வேட்டை மீன் இயற்கையாக இல்லை. அங்குள்ள தவளைக்குஞ்சுகளுக்கு டிரவுட்டுக்குத் தப்பும் பழக்கமும் இல்லை. அவற்றில் பல மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே எங்கும் இல்லாத தவளைகள். அருவிக்கு மேலே, இதுவரை டிரவுட் ஏறாத துண்டு ஓடைகளில் குஞ்சு விடுவது ஆகப் பெரிய தவறு. அதுதான் அந்தத் தவளைகளுக்கு மிஞ்சிய இடம்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்?

ஓடையைச் சரிசெய்யலாம். டிரவுட்டுக்கு நல்ல ஓடை தவளைக்கும், கீழே குடிப்பவர்களுக்கும் நல்லது.

உங்கள் நிலம் ஓடைக்கரையில் இருந்தால் இரண்டு பக்கமும் 10 மீட்டராவது உழாமல் விடுங்கள். அந்தப் பட்டையில் புல்லும் புதரும் தானே வரட்டும். பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே ஓட வேண்டும். சரிவோடு ஓடினால் ஒவ்வொரு பாத்தியும் ஒரு மண் வாய்க்கால். வடிகால் ஓடையில் சேருமுன் ஒரு குழி வெட்டி மண்ணைத் தங்கவிட்டு, மழைக்குப் பின் அள்ளித் தோட்டத்திலேயே போடுங்கள். மருந்து கலக்கும் டிரம்மையும் கைத்தெளிப்பானையும் ஓடையில் கழுவக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் தினம் நடப்பது அதுதான்.

சோலையாக இருந்த கரையில் காட்டு நாவல், காட்டுச் செண்பகம், காட்டு இலவங்கம் நடலாம். சோலைக் கன்றுகள் நிழலில் வளர்பவை. வெட்டவெளியில் வைத்தால் டிசம்பர் உறைபனி கருக்கிவிடும். புதர் மறைவில் வையுங்கள். புல்வெளியாகவே இருந்த கரையில் மரம் நடாதீர்கள். அங்கே ஓடைக்கு நிழல் தருவது தண்ணீர்மேல் கவிந்த புல் கொத்தும், உள்வாங்கிய கரையும். நல்ல மனதோடு புல்வெளியைக் காடாக்கியதில்தான் இந்தக் கதையே தொடங்கியது.

சீகையை நட்டுநடுவில் வெட்டிவிட்டுப் போனால் தளிர்க்கும். தரையை ஒட்டி வெட்டி, மிச்சமுள்ள அடிக்கட்டையின் பட்டையை மண்வரை உரிக்க வேண்டும். விதை மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், நெருப்புப் பட்டால் கொத்தாக முளைக்கும், எனவே எரிக்காதீர்கள். ஒவ்வொரு மழைக்கும் பிறகு நாற்றுகளைக் கையால் பிடுங்கும் வேலை ஐந்து பத்து வருடம் தொடரும். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் வெட்டவே ஆரம்பிக்காமல் இருப்பது மேல். சொந்த நிலமானாலும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கிய பிறகே கோடாரி.

தூண்டில் போடலாமா?

முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் கூடாது. மற்ற இடங்களில் வனத்துறை, மீன்வளத்துறை இரண்டிலும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். உள்ளூர் ஆள் “சும்மா போடுங்க” என்றால் அது அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த இடத்திலும் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள், போராடிக் களைத்த மீன் அந்தச் சூட்டில் மீளாது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். ஓட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பிப் பிடித்தால், தெம்பு வந்ததும் தானே போகும்.

மூணாறிலும் நுவரெலியாவிலும் இதே கதைதானா?

பெரும்பாலும். இலங்கையில் நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் வானவில் டிரவுட் தானே பெருகும் ஓடைகள் உண்டு; உயரம், குளிர், மேலே தோட்டம் இல்லாத நீர்ப்பிடிப்பு மூன்றும் அங்கே சேர்ந்திருக்கின்றன. மூணாறின் மேல் மலைகளிலும் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து விட்டதுதான்.

ஓடையைச் சரிசெய்தால் எத்தனை வருடத்தில் மீன் வரும்?

மண் வரத்து நின்றால் இரண்டு மூன்று பெருமழைக் காலங்களில் வெள்ளமே சரளையை அலசிவிடும். நிழல் திரும்பப் புல்லுக்கு இரண்டு வருடம், சோலைக் கன்றுக்குப் பதினைந்து. மேலே எங்காவது முட்டையிடும் மீன் மிச்சமிருந்து, வழியில் தொங்கும் குழாயும் இல்லையென்றால், அதற்குப் பிறகு மூன்றாவது குளிர்காலத்தில் வெளிறிய சரளைத் திட்டைத் தேடிப் பாருங்கள். மேலே மீன் மிச்சமில்லை என்றால் டிரவுட் வராது. கல்லைப் புரட்டினால் மூவால் பூச்சியும் தவளைக்குஞ்சும் இருக்கும்.